கல்லணையிலிருந்து கடல் வரை: டெல்டாவில் பாம்பு நஞ்சின் வழித்தடம்

திங்கள் – கல்லணை, திருவையாறு

தை பிறந்து சம்பா அறுப்பு பாதி முடிந்திருக்கிறது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளம் வந்தால் மிச்சம் கொள்ளிடத்துக்கு. இங்கிருந்து கடற்கரை வரை இறங்கிப் போக ஒரு காரணம் உண்டு. வழிநெடுக நிலம் மாறுகிறது. நிலத்தோடு எலியும் தவளையும் மீனும் மாறுகின்றன. அவற்றைத் தின்று வாழும் பாம்பின் நஞ்சும் கூடவே மாறியிருக்கிறது. நஞ்சை இரையிலிருந்து பிரித்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

திருவையாற்றுப் பக்கம் அறுத்த வயலில் வரப்பின் இரு பக்கமும் எலி வளை. வாயில் புது மண் குவிந்திருந்தால் உள்ளே வரப்பெலி இருக்கிறது. மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய தஞ்சாவூர் கிட்டியை எக்டேருக்கு 100 என்ற கணக்கில் வைப்பது இங்கே பழைய பழக்கம். வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் விடாமல் செதுக்கி வைத்தாலே எலிக்கு வளை தோண்ட இடம் போதாது. எலி குறைந்தால் கண்ணாடி விரியனும் குறையும். பாம்புக்கடியைத் தடுக்கும் வேலை மண்வெட்டியில்தான் தொடங்குகிறது என்பது என் திடமான எண்ணம்.

கண்ணாடி விரியனின் நச்சுப்பல் ஒன்றரை செ.மீ. வரை வளரும். வாய் மூடியிருக்கும்போது கீல் போட்டதுபோல மடங்கி, சதை உறைக்குள் மேலண்ணத்தோடு படுத்திருக்கும். உறையை விலக்கிப் பார்த்தால் பின்னால் அடுத்தடுத்து முளைவிட்ட மாற்றுப் பற்கள் வரிசையாக நிற்பது தெரியும். முன்பல் உடைந்தாலோ விழுந்தாலோ அடுத்தது அந்த இடத்துக்கு வரும். பல் உள்ளே குழாய். துளை நுனியில் இல்லை, நுனிக்குச் சற்று மேலே முன்பக்கம் இருக்கிறது. அதனால் நுனி கூர்மையாகவே நிற்கிறது, சதையும் துளையை அடைப்பதில்லை. கரு வளரும்போது பார்த்தால் இந்தப் பல் மேல்தாடையின் பின்பகுதியில் உருவாகி, தாடை வளர வளர முன்னுக்கு வருகிறது. விரியனும் நாகமும் பின்பல் பாம்புகளும் ஒரே இடத்தில் தொடங்கியவை என்பதற்கு 2008இல் கரு ஆய்வுகள் தந்த சான்று இது.

நஞ்சு எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. இரத்தத்தை உறைய வைப்பது, உணவைச் செரிப்பது, கிருமியை அடையாளம் காண்பது என்று உடம்புக்குள் அன்றாட வேலை பார்த்த புரதங்களின் நகல்கள்தான் நஞ்சாக மாறின. மரபணு ஒன்று தற்செயலாக இரண்டாகிறது. ஒரு நகல் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை மற்றதில் மாற்றம் வந்தாலும் உயிருக்குக் கேடில்லை. விதைநெல்லைத் தனியே கட்டி வைத்துவிட்டவர் மிச்ச நெல்லில் எதையும் பரீட்சித்துப் பார்க்கலாம் அல்லவா, அதுபோலத்தான். அந்த இரண்டாம் நகல் நஞ்சுச் சுரப்பியில் வேலை செய்யத் தொடங்கி, இரையைக் கொஞ்சம் விரைவாக வீழ்த்தினால் போதும். அது நிலைக்கும், மறுபடி நகலாகும். பயன்படாத நகல்கள் சிதைந்து மரபணுத் தொகுதியிலேயே குப்பையாகக் கிடக்கும்.

1993இல் ஜப்பானின் ஹாபு விரியனில், செல் படலத்தின் கொழுப்பை வெட்டும் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதியின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். வழக்கமாக, புரதமாக எழுதப்படும் பகுதி மெதுவாக மாறும், இடையில் வரும் எழுதப்படாத பகுதி வேகமாக மாறும். ஹாபுவில் தலைகீழ். மாற்றம் எங்கே பயன் தருகிறதோ அங்கேதான் வேகம். இதே பாஸ்போலிபேஸ் நாகக் குடும்பத்திலும் உண்டு. ஆனால் அது கணையச் செரிமான நொதியின் வகையைச் சேர்ந்தது. விரியனுடையது வீக்கத்தோடு தொடர்புடைய நொதியின் வகை. இரண்டு குடும்பமும் தனித்தனியே, வெவ்வேறு மூலத்திலிருந்து ஒரே ஆயுதத்தை எடுத்திருக்கின்றன.

செவ்வாய் – தஞ்சாவூர்

கண்ணாடி விரியன் கடிக்கு வார்டில் முதலில் செய்யும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாய் ஒன்று. சிரையிலிருந்து எடுத்த 2 மி.லி. இரத்தம். அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்து, ஒரு முறை மெல்லச் சாய்க்க வேண்டும். உறைந்த இரத்தம் கட்டியாக அப்படியே நிற்கும். விரியன் நஞ்சு ஏறியிருந்தால் இரத்தம் தண்ணீர்போலச் சுவரோடு வழியும்.

இவ்வளவு எளிய சோதனையிலும் தவறு வருகிறது. இரத்தத்தின் உறைதலைத் தூண்டிவிடுவதே கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக் குழாய் எடுத்தால் நஞ்சில்லாத இரத்தமும் உறையாமல் நிற்கும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் அப்படியே ஏமாற்றும். இடையில் தூக்கித் தூக்கிப் பார்ப்பது இன்னொரு பிழை. சந்தேகம் வந்தால் கடிபடாத ஒருவரின் இரத்தத்தை இன்னொரு குழாயில் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம்.

இரத்தம் ஏன் உறையவில்லை? இங்கேதான் பரிணாமம் வார்டுக்குள் வருகிறது. கண்ணாடி விரியன் நஞ்சில் உறைதல் புரதங்களில் ஒன்றான பத்தாம் காரணியைத் தட்டி எழுப்பும் நொதி ஒன்று உண்டு. ஐந்தாம் காரணியை எழுப்புவது இன்னொன்று. முதலாவது மெட்டலோபுரோட்டினேஸ் என்ற துத்தநாக நொதி வகை. நம் உடம்பிலும் இருக்கும் 'ஆடம்' புரதக் குடும்பத்திலிருந்து வந்தது. அதோடு லெக்டின் (சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம்) சாயலுள்ள இரண்டு சிறு சங்கிலிகள் கந்தகப் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு, பத்தாம் காரணியைத் தேடிப் பிடித்துத் தருகின்றன. வெட்டுவது ஒன்று, பிடிப்பது ஒன்று என்று இரண்டு பழைய புரதங்கள் சேர்ந்து செய்யும் வேலை.

எலியின் சிறிய உடம்பில் இந்த நஞ்சு இறங்கினால் இரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டிப்போய்ச் சீக்கிரம் முடிந்துவிடும். மனித உடம்பில் இரத்தம் பல லிட்டர். நஞ்சு எங்கும் சிறுசிறு உறைதல்களைத் தூண்டி, கையிருப்பில் உள்ள, உறைகட்டிக்கு இழை தரும் பைப்ரினோஜன் புரதத்தைத் தீர்த்துவிடுகிறது. பிறகு எங்கே கசிந்தாலும் அடைக்க ஆளில்லை: ஈறு, சிறுநீர், மூளை. உறைய வைக்கும் நஞ்சு கடைசியில் உறையாமல் செய்துவிடுவது இப்படித்தான். கடிவாயைக் கீறிவிடுவது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே தெரியும். இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கட்டின் கீழே தேங்கும் நஞ்சு சதையை அழிக்கிறது, அவிழ்த்தவுடன் மொத்தமாக ஏறுகிறது.

மருந்தின் கணக்கும் நஞ்சின் அளவிலிருந்தே வருகிறது. இந்தியாவில் கிடைக்கும் நால்வகைப் பாம்பு விஷமுறிவு மருந்தில் 1 மி.லி., கண்ணாடி விரியன் நஞ்சில் 0.6 மி.கி. முறிக்கும். 10 மி.லி. குப்பிக்கு 6 மி.கி. ஒரு கடியில் சராசரியாக இறங்குவது 60 மி.கி.க்குச் சற்று மேல். ஆகவே தொடக்கமே 10 குப்பி. குழந்தைக்கும் அதே 10 குப்பிதான், ஏனென்றால் ஆளைப் பார்த்துப் பாம்பு அளவைக் குறைப்பதில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய்ச் சோதனை. கல்லீரல் உறைதல் புரதங்களைத் திரும்பச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும். குதிரை இரத்தத்திலிருந்து செய்த மருந்து என்பதால் ஒவ்வாமை வரலாம். அரிப்போ மூச்சுத்திணறலோ தொடங்கினால் உடனே போட அட்ரினலின் ஊசி (பெரியவருக்கு 0.5 மி.கி.) கையருகே நிரப்பி இருக்க வேண்டும்.

இந்த ஊரின் பெயரில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒன்று பாம்புக்கடிக்குப் பெயர் பெற்றிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக விசாகப்பட்டினத்தில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல் அதைச் சோதித்து, உள்ளே ஆர்செனிக் இருப்பதைக் காட்டினார். கண்ணாடி விரியனுக்கு அறிவியல் பெயரில் ஒட்டியிருப்பது அவர் பெயர்தான். 1934இல் இங்கிலாந்தில் மக்பார்லேனும் பார்னெட்டும் அதே விரியன் நஞ்சை நீர்த்து, இரத்தம் உறையாத நோயாளிகளின் காயத்தில் தடவி இரத்தக்கசிவை நிறுத்தினார்கள். இன்றும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் ஒரு குறிப்பிட்ட உறைதல் கோளாறைக் கண்டுபிடிக்க நீர்த்த விரியன் நஞ்சு பயன்படுகிறது.

புதன் – கும்பகோணம், திருநாகேஸ்வரம்

அரச மரத்தடிதோறும் நாகர் சிலை. ராகு தலத்தில் பால் அபிஷேகத்துக்குக் கூட்டம். கோயிலைச் சுற்றிய தோப்பிலும் வாய்க்கால் கரையிலும் நல்ல பாம்புக்குத் தவளை, எலி, ஓணான், பிற பாம்பு என்று எல்லாம் கிடைக்கிறது. இரை பலவகை என்பதால் நஞ்சும் பலவகை வேலை செய்கிறது.

நல்ல பாம்பு நஞ்சின் மையம் 'மூன்று விரல்' நச்சுகள். 60 முதல் 74 வரை அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். நடுவில் நான்கு கந்தகப் பாலங்கள் முடிச்சாக இறுக்கிப் பிடிக்க, அதிலிருந்து மூன்று மடிப்புகள் விரல்போல நீள்கின்றன. முடிச்சு மாறுவதே இல்லை. விரல் நுனிகள்தான் மாறுகின்றன. ஒரு நகலில் நுனி மாறி, நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. தசைக்கு நரம்பின் கட்டளை சேராமல் இமை தொங்கி, மூச்சு நிற்கிறது. இன்னொரு நகலில் நுனி கொழுப்புப் படலத்தில் புகுந்து செல்லையே கிழிக்கிறது. கடிபட்ட விரல் கறுத்து அழுகுவது இதனால். மூதாதைப் புரதம் 'லை6' குடும்பம். செல் படலத்தில் கட்டிப்போட்டிருந்த நங்கூரத்தை இழந்ததும் அது சுரப்பிலிருந்து மிதந்து வரும் பொருளாயிற்று.

2020இல் நல்ல பாம்பின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. 139 நச்சு மரபணுக்கள், 33 குடும்பங்கள். அவற்றில் நஞ்சுச் சுரப்பிக்கே உரியவை 19தான். குதிரைக்கு முழு நஞ்சையும் ஏற்றிக் கிடைக்கும் மருந்தில் பெரிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்தான் நிறைய இருக்கும். குட்டி மூன்று விரல் புரதத்தைக் குதிரையின் உடம்பு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆளைக் கொல்வதோ அந்தக் குட்டிப் புரதம். குறிவைத்துச் சில நச்சுகளுக்கு மட்டும் எதிர்ப்பொருள் செய்யும் முயற்சிக்கு இந்தப் பட்டியல்தான் அடிப்படை.

கீரி ஏன் சாவதில்லை என்ற கேள்விக்கும் விடை அதே ஏற்பியில்தான். நச்சு வந்து உட்காரும் இடத்தில் கீரியின் ஏற்பிமேல் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருக்கிறது. விரல் நுனி உள்ளே போக முடியாது. நல்ல பாம்பும் தன் நஞ்சிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அதே வழியைத் தனியாகக் கண்டிருக்கிறது. கீரிக்குப் பச்சிலை தெரியும் என்ற பேச்சுக்கு இனி தேவையில்லை.

வியாழன் – மன்னார்குடி, வடுவூர்

இந்தப் பயணத்தில் மிகவும் கவனமாக எழுத வேண்டிய நாள் இது. கட்டுவிரியன் பகலில் சுருண்டு கிடக்கும், சீண்டினாலும் தலையை உடம்புக்கடியில் ஒளிக்கும். இரவில் பாம்பையும் பல்லியையும் எலியையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் புரண்டு கையைப் போட்டால் கடி. பல் சில மி.மீ. நீளம்தான், வலி இல்லை, வீக்கம் இல்லை, பல பேருக்குத் தடம்கூடத் தெரியாது.

அடையாளம்: பளபளக்கும் கருப்பு, அதில் மெல்லிய வெள்ளைப் பட்டை இரட்டை இரட்டையாக. கழுத்துப் பக்கம் பட்டை மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வால் நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பில் இது தலைகீழ்: கழுத்தில் தெளிவு, வாலில் மங்கல். உறுதி செய்ய முதுகின் நடுவரிசைச் செதிலைப் பார்க்க வேண்டும். கட்டுவிரியனுக்கு அது பக்கத்துச் செதில்களைவிடப் பெரிது, அறுகோணம். உரித்த சட்டை வைக்கோல் போருக்கடியில் கிடைத்தால் அதிலும் இது தெளிவாகத் தெரியும்; வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவே அறுகோணங்கள் ஒரே கோடாக ஓடும்.

விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. பிறகு கண்ணிமை தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. தரையில் படுத்தவர் இப்படி எழுந்தால் வாயு என்று சோடா கொடுத்து உட்கார வைக்காதீர்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐக் கூப்பிட வேண்டும். வழியில் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்; எண்ணிக்கை குறைந்தால் மூச்சுத் தசை விழுகிறது.

நல்ல பாம்புக் கடிக்கு நியோஸ்டிக்மின் 1.5 மி.கி., முன்னதாக அட்ரோபின் 0.6 மி.கி. கொடுத்தால் தொங்கிய இமை பெரும்பாலும் கண் முன்னே எழும். கட்டுவிரியனுக்கு அது பெரும்பாலும் பலிப்பதில்லை. காரணம் நஞ்சின் பிறப்பிலேயே இருக்கிறது. நல்ல பாம்பின் நச்சு தசைப் பக்கத்தில் ஏற்பியை மூடுகிறது. நியோஸ்டிக்மின் அசிட்டைல்கோலினை அழியாமல் பெருக்கினால் அது நச்சோடு இடத்துக்குப் போட்டி போடும். கட்டுவிரியனின் பீட்டா பங்காரோடாக்சின் நரம்பு முனையையே தாக்குகிறது. இது இரண்டு புரதம் சேர்ந்தது: பாஸ்போலிபேஸ் ஒரு சங்கிலி, நொதித் தடுப்பானாக வேலை பார்த்த குனிட்ஸ் வகைப் புரதம் மறு சங்கிலி. குனிட்ஸ் சங்கிலி நரம்பு முனையைக் கண்டு ஒட்டும், பாஸ்போலிபேஸ் படலத்தை அரிக்கும். முனை தன்னிடமிருந்த அசிட்டைல்கோலினைக் கொட்டிவிட்டுச் சிதைகிறது. பெருக்குவதற்கு எதுவுமே மிஞ்சுவதில்லை. பின்னால் வரும் விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். சிதைந்த முனை திரும்ப வளரும்வரை நாட்கணக்கில் செயற்கைச் சுவாசம்தான் காப்பாற்றும். அதுவரை மூச்சைத் தாங்கிப் பிடித்தால் ஆள் முழுசாக எழுந்து வீட்டுக்குப் போவார். எனவே வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனையை முதலிலேயே தேர்ந்து போக வேண்டும்.

கட்டில் நல்லது. கட்டில் இல்லையென்றால் கொசுவலையின் ஓரத்தை நான்கு பக்கமும் பாய்க்கடியில் செருகிப் படுக்கலாம். செலவில்லாத காப்பு, கொசுவுக்கும் சேர்த்து.

வெள்ளி – முத்துப்பேட்டை

ஜாம்புவானோடையிலிருந்து படகில் அலையாத்திக் காட்டுக்குள். ஓதம் வடிந்த சேற்றில் ஒரு பாம்பு பாதி புதைந்து கிடக்கும். கண் மேல்நோக்கி, முகம் நாய்போல. செர்பெரஸ் என்ற சேற்றுப் பாம்பு, மீன் தின்னி. நச்சுப்பல் வாயின் பின்பக்கம், மனிதருக்கு ஆபத்தில்லை.

2010இல் இதன் சுரப்பியை ஆராய்ந்தபோது அதுவரை எந்தப் பாம்பிலும் காணாத நச்சுக் குடும்பம் ஒன்று கிடைத்தது. ரின்கோலின் என்று பெயர். மூலம் ஃபிகோலின்: நம் இரத்தத்திலும் கிருமியைத் தொட்டு அடையாளம் காணும் நோயெதிர்ப்புப் புரதம். எந்தப் புரதம் நஞ்சாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். உறுதியான முடிச்சும், சுரந்து வெளியே வரும் தன்மையும் இருக்கும் புரதங்கள்தான் திரும்பத் திரும்பத் தேர்வாகியிருக்கின்றன என்பது மட்டும் தெரிகிறது.

எல்லாப் பாம்புக்கும் சில பல்லிகளுக்கும் ஒரே நஞ்சு மூதாதை இருந்தது என்று 2006இல் ஒரு கருத்து வலுவாக முன்வைக்கப்பட்டது. 2014இல் மறுத்தார்கள்: அந்த 'நச்சு' மரபணுக்களில் பல, நஞ்சில்லாத உறுப்புகளிலும் சாதாரணமாக வேலை செய்கின்றன, அவை வீட்டு வேலைக்காரப் புரதங்களே என்று. சுரப்பியில் ஒரு புரதம் இருப்பதாலேயே அது நஞ்சாகிவிடாது. இரைக்கு அது என்ன செய்கிறது என்று காட்டியாக வேண்டும். மறுத்தவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் அதிகம் படுகிறது.

சனி – கோடியக்கரை

வெளிமான், உப்பளம், வறண்ட பசுமைமாறாக் காடு. மரத்தில் பூனைப் பாம்பு. இதன் சொந்தங்களான தென்கிழக்காசியாவின் சதுப்புப் பூனைப் பாம்பிலும், குவாம் தீவின் பறவைகளைத் தீர்த்துக்கட்டிய பழுப்பு மரப் பாம்பிலும் உள்ள மூன்று விரல் நச்சுகள் பறவையையும் பல்லியையும் வீழ்த்தும், எலியைக் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. இரைக்கென்றே நுனி தீட்டிய விரல்.

ஊருக்கு ஊர் நஞ்சு மாறுவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்திய விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு பெரும்பாலும் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்தப் பக்கத்துப் பாம்பின் நஞ்சுக்குச் செய்த மருந்து ராஜஸ்தானில் குறைவாகவே முறிக்கிறது. வறண்ட பகுதிக் கண்ணாடி விரியனின் நஞ்சில் புரதம் சிதைக்கும் வேகம் அதிகம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தென்னிந்தியக் கண்ணாடி விரியன் கடியில் இமையும் தொங்கலாம். அதை மட்டும் வைத்து நல்ல பாம்பு என்று முடிவு கட்டக்கூடாது, குழாய்ச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

ஞாயிறு – நாகப்பட்டினம்

மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை இழுவலை கொட்டும்போது கெளுத்தியோடும் கழிவு மீனோடும் கடல்பாம்பும் வந்து விழுகிறது. வால் துடுப்புபோலத் தட்டை. மேலுதடு அலகுபோல் கீழே வளைந்திருந்தால் கொக்கிமூக்குக் கடல்பாம்பு. முள் உள்ள கெளுத்தியைத் தின்பது. கடிபட்ட மீன் தப்பி நீந்தினால் கடலில் தடம் பிடித்துப் போய் எடுப்பது கடினம். முள்ளை விரித்துத் திமிறினால் பாம்புக்கே காயம். ஆகவே நஞ்சின் அளவு மிகக் குறைவு, வீரியம் மிக அதிகம். நாகக் குடும்பத்தில் பிறந்து கடலுக்குப் போனவை இவை; நல்ல பாம்பின் நீண்ட பட்டியல் இங்கே சுருங்கி, குட்டை மூன்று விரல் நச்சும் பாஸ்போலிபேஸும் பெரும்பங்காக நிற்கிறது. மீனை மட்டும் கொல்ல அது போதும். ஆசியாவின் கொக்கிமூக்கும் ஆஸ்திரேலியாவின் கொக்கிமூக்கும் ஒரே இனம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தால் இரண்டும் தனித்தனிக் கிளை, ஒரே இரைக்காக ஒரே முகம் பெற்றவை. வடக்கு ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியக் கடல்களில் மீன் முட்டையை மட்டும் தின்னப் பழகிய இன்னொரு கடல்பாம்பில் மூன்று விரல் மரபணுவில் இரண்டு எழுத்து உதிர்ந்து நச்சு செயலிழந்தது. பல்லும் சுரப்பியும் சிறுத்துப்போயின. முட்டை ஓடாது, நஞ்சு தேவையில்லை.

கடல்பாம்புக் கடியில் வலி இல்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் கழுத்தும் தொடையும் கட்டையாகி வலிக்கும், தாடை பிடிக்கும், பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும். அது சிதைந்த தசையின் மயோகுளோபின், சிறுநீரகத்தை அடைக்கும். தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். இந்திய நால்வகை மருந்தில் கடல்பாம்புக்கு எதிரானது எதுவும் சேர்க்கப்படவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மட்டுமே அது. ஆகவே துறைமுகத்திலிருந்து நேராக டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், 'கடல்பாம்பு' என்ற சொல்லை வந்தவுடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், முதல் சிறுநீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்ட வேண்டும்.

வலையில் கையை விடுவதற்கு முன் குவியலை நீளமான கழியால் பரப்பிவிடுங்கள். பாம்பைக் கழியால் தூக்கித் தண்ணீரிலேயே விடலாம். செத்தது என்று தோன்றினாலும் கையால் எடுக்காதீர்கள். செத்த பாம்பின் தாடையும் தொட்டால் மூடும். பிள்ளைகள் விளையாட எடுத்துப் போகவும் விடாதீர்கள்.